பிரிந்த கண்ணிகளை ஏற்றும் சின்ன ஊசி

என் மாமனாரின் சாம்பல் நிற ஸ்வெட்டர், ஊட்டித் தாவரவியல் பூங்கா அருகே திபெத்தியர் கடையில் வாங்கியது. மார்கழி முழுக்க அதைப் போட்டுக்கொண்டுதான் பால் வாங்கப் போவார். போன மாதம் வாசல் கதவுக் கம்பியில் மாட்டி, நெஞ்சுப் பகுதியில் ஒரு கண்ணி, அதாவது பின்னலின் ஒரு நூல் வளையம், அறுந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் 17 கண்ணிகள் வரிசையாகக் கீழே பிரிந்து ஏணிபோல் நின்றன. "விடம்மா, பழையதுதானே" என்றார் மாமா. எனக்கு மனம் ஒப்பவில்லை.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவில் 11 ஆண்டுகள் இருந்தவள் நான். ஓட்டை விழுந்த துணியை ஒதுக்கி வைப்பதே அங்கே வேலை. சரிசெய்ய நேரம் கிடையாது. இப்போது வீட்டில் இருப்பதால், பின்னலாடை சரிசெய்யும் கருவிகள் அடங்கிய பெட்டி ஒன்றை இணையத்தில் 649 ரூபாய்க்கு வாங்கினேன். கைப்பிடி போட்ட கொக்கி ஊசிகள் இரண்டு, காளான் வடிவ மரக்கட்டை, முனை மழுங்கிய ஊசிகள் ஐந்து, உள்ளங்கை அளவில் ஒரு குட்டித் தறி, எட்டு வண்ணக் கம்பளி நூல்கள் உள்ளே இருந்தன.

கொக்கி ஊசியைக் கையில் எடுத்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. எங்கள் நிட்டிங் இயந்திரங்களில் இருக்கும் அதே ஊசிதான். கொக்கியும், அதை மூடித் திறக்கும் சின்ன நாக்கும். 30 அங்குல விட்டம், 24 கேஜ் (அங்குலத்துக்கு 24 ஊசி) இயந்திரம் ஒன்றில் இப்படிப்பட்ட ஊசிகள் சுமார் 2,260 இருக்கும். அவை விர்ரென்று செய்வதை நான் ஒற்றை ஊசியால் நிதானமாகச் செய்தேன். ஏணியின் அடியில் தொங்கும் கண்ணிக்குள் ஊசியை விட்டு, கண்ணி நாக்கைத் தாண்டிப் பின்னால் போகும்வரை தள்ள வேண்டும். அதற்கு மேலே குறுக்கே கிடக்கும் இழையைக் கொக்கியில் மாட்டி இழுத்தால் நாக்கு தானே மூடிக்கொள்ளும். பழைய கண்ணி அதன்மேல் வழுக்கி விழ, புதுக் கண்ணி பிறந்திருக்கும். துணியின் நல்ல பக்கம் நம்மைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு படியைத் தவறவிட்டாலும் அந்த இடம் கோடாகத் தெரியும்; நான் ஒன்பதாவது படியைத் தவறவிட்டு, திரும்பப் பிரித்து ஏற்றினேன். உச்சியில் அறுந்த முனைகளை, உள்தையலில் இருந்து உருவிய அதே நூலால் பக்கத்துக் கண்ணிகளோடு கோத்தேன். 40 நிமிடம். எங்கே கிழிந்தது என்று மாமா தடவித் தடவித் தேடினார்.

இந்த ஊசி மட்டும் தனியாகக் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். ஆனால் டி-ஷர்ட்டுக்கு வாங்காதீர்கள். அந்தக் கண்ணிகள் மிக நுண்ணியவை. பெட்டியில் உள்ள சிறிய ஊசியே உள்ளே நுழையாமல் புது ஓட்டை போடுகிறது.

தறிதான் எனக்கு வருத்தம் தந்தது. எந்த உடைக்கும் ஏற்றது என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள். அது நெய்துதருவது பாவும் ஊடும் குறுக்கும் நெடுக்குமாகப் போகும் துணி. பின்னல் துணியோ கண்ணிகளால் ஆனது, இழுத்தால் விரியும். விரியாத ஒட்டுத் துணியை விரியும் துணியில் வைத்தால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் இழுப்பார்கள். என் சொந்த ஸ்வெட்டரின் முழங்கையில் போட்டுப் பார்த்தேன். நான்கு நாளில் ஒட்டின் ஓரத்தில் கண்ணிகள் விட்டன. முழங்கை தேய்ந்து மெலியத் தொடங்கும்போதே, இருக்கும் கண்ணிகளின் தடத்திலேயே மழுங்கிய ஊசியால் நூலை ஓட்டிவிடுவது மேல். அந்த ஐந்து ஊசிகளும் தரமானவை.

நூல்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சிவப்பு முதல் அலசலிலேயே சாயம் விட்டது. உடையின் சொந்த நூல் கிடைக்காவிட்டால் மட்டும், தண்ணீரில் நனைத்துப் பார்த்துப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நூல் அறுபடாமல் வெளியே இழுபட்டுத் தொங்கினால் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். வெட்டினால் ஏணி அங்கிருந்தே தொடங்கும். கொக்கி ஊசியால் உட்பக்கம் இழுத்துவிட்டு, துணியை அகலவாக்கில் மெல்ல நீவிவிடுங்கள். அறுந்துவிட்டதென்றால் வீட்டுக்கு வரும்வரை அந்தக் கண்ணியில் ஓர் ஊக்கு போதும்.

தறியைத் திருப்பி அனுப்பவில்லை. மகனின் காலுறைக் குதிகாலை மரக்கட்டைமேல் இழுத்துக் கட்டி அதில் நெய்தேன். காலணிக்குள் இருக்கும் இடம், அதிகம் விரிய வேண்டியதில்லை; மூன்று வாரமாகத் தாங்குகிறது.