இடிக்கப்போகும் வீட்டைக் காசியன் ஸ்ப்ளாட்டிங்கில் எடுத்து வைத்தேன்

போன சித்திரையில் தாத்தா வீட்டை இடிப்பது என்று முடிவாகிவிட்டது. ஓட்டு வீடு, நடுவில் முற்றம், நாலு தூண். போட்டோ மட்டும் போதாது, உள்ளே நடந்து பார்க்கிற மாதிரி வேண்டும் என்று தேடியபோது கிடைத்ததுதான் காசியன் ஸ்ப்ளாட்டிங், சாதாரணப் படங்களிலிருந்து முப்பரிமாணக் காட்சியை உருவாக்கும் முறை. பிரான்சின் இன்ரியா ஆராய்ச்சிக் குழு 2023-இல் சிக்ராஃப் என்ற கணினி வரைகலை மாநாட்டில் வெளியிட்டது, அங்கே சிறந்த கட்டுரை விருதும் வாங்கியது. வியாபாரம் இல்லாத ஆராய்ச்சிக்கும் சோதித்துப் பார்க்கவும் நிரல் இலவசம்.

முதலில் கோல்மேப் என்ற மென்பொருள் நம் படங்களை ஒப்பிட்டு, ஒவ்வொன்றும் எங்கே நின்று எடுத்தது என்று கண்டுபிடிக்கும், கூடவே சுவர், தூண் இருக்கும் இடங்களைப் புள்ளிகளாகக் கொடுக்கும். அந்தப் புள்ளிகள் ஓரம் மங்கிய சின்னத் திட்டுகளாக மாறும், அப்புறம் அவற்றின் நிறம், அளவு, சாய்வு எல்லாவற்றையும் நம் படங்களோடு ஒத்துப்போகும்வரை 30,000 சுற்று கணினி திருத்திக்கொண்டே இருக்கும், தேவையான இடத்தில் திட்டுகளைப் பிளந்து பெருக்கவும் செய்யும். இதே வேலைக்கு 2020-இல் வந்த நெர்ஃப் என்ற முறையில் ஒரு காட்சிக்கே ஒரு நாளுக்கு மேல் ஓடும், பார்க்கும்போதும் காத்திருக்க வேண்டும். இதில் வீடியோ கேம் மாதிரி உடனுக்குடன் நகரலாம்.

இன்ரியா கட்டுரையில் உள்ள தரம் வர 24 ஜிபி நினைவகமுள்ள என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும் என்கிறார்கள். என்னிடம் 12 ஜிபிதான், படங்களைச் சிறிதாக்கி ஓட்டினேன், ஓடியது.

கூடத்துத் தூணில் வருடாவருடம் எங்கள் உயரத்தைத் தாத்தா பென்சிலால் கோடு போட்டு வைத்திருப்பார். அந்தத் தூணைக் கிட்டே போய் மெதுவாகச் சுற்றி எடுத்திருந்தேன். ஒவ்வொரு கோடும் தெரிகிறது, தம்பி பெயருக்குப் பக்கத்தில் அழித்து எழுதிய தேதி உட்பட. செம்பு அண்டாவில் விழும் முற்றத்து வெளிச்சம்கூட நாம் நகர நகர இடம் மாறுகிறது. அம்மா அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

குறையும் உண்டு. சுண்ணாம்பு அடித்த வெறும் சுவர் என்றால் படங்களை ஒன்றோடொன்று சேர்க்க அடையாளமே கிடைக்காது, பின்கட்டு அறையில் பாயையும் பழைய காலண்டர்களையும் மாட்டி மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. பீரோக் கண்ணாடிக்குள் புகுந்தால் பின்னால் இன்னொரு கூடம் இருக்கிறது, பிம்பத்தை அது நிஜ இடமாகவே எடுத்துக்கொள்கிறது. காற்றில் மிதக்கும் பனி மாதிரித் துண்டுகளை சூப்பர்ஸ்ப்ளாட் என்ற திருத்தும் கருவியில் வைத்து அழித்தேன், பிரவுசரிலேயே ஓடும், இலவசம்.

இதற்கு முன் காசு வாங்கும் ஒரு ஆப்பையும் முயன்றேன், பெயர் வேண்டாம். பத்தாயத்துக்குப் பின்னால் நான் எடுக்காத மூலையை அது தானாக ஊகித்து நிரப்பி, அங்கே ஒரு ஜன்னலை வைத்துவிட்டது. அழகாகத்தான் இருந்தது, ஆனால் அந்த வீட்டில் அங்கே ஜன்னல் கிடையாது. கேமுக்கும் சினிமா செட்டுக்கும் ஏஐ வேண்டிய அறையைக் கட்டித் தரட்டும், நல்லதுதான். இல்லாமல் போகப்போகிற வீட்டில் அப்படிச் செய்யக் கூடாது. இன்ரியா முறையில் எடுக்காத மூலை கலங்கலாகவோ ஓட்டையாகவோ அப்படியே கிடக்கிறது, எனக்கு அதுதான் சரி.

எடுப்பவர்கள் கேமராவில் வெளிச்ச அளவை மாறாதபடி லாக் செய்துவிட்டு, மெதுவாக நடந்து, ஒரே இடத்தைப் பல கோணத்தில் எடுங்கள். பரணை நான் எடுக்கவில்லை. ஏணி இருந்தது, நேரமும் இருந்தது. நீங்கள் ஏறிவிடுங்கள்.