மெத்திலீன் புளூவைச் சோதிக்க எது சரி: எம்டிடியா, எஸ்ஆர்பியா?

மெத்ஹீமோகுளோபினீமியா (ரத்தம் ஆக்சிஜனைச் சரியாகச் சுமக்காத நிலை) நோயாளிக்கு எடையில் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் வரை ஏற்றும் பழைய மருந்து மெத்திலீன் புளூ. இது புற்றுநோய் செல்களை எவ்வளவு கொல்கிறது என்று எம்டிடி, எஸ்ஆர்பி என்ற நிறச் சோதனைகளில் பார்க்கும்போது ஒரு சிக்கல்: மருந்துக்கும் நிறம், சோதனைக்கும் நிறம்.

எம்டிடி என்ற மஞ்சள் சாயத்தை உயிருள்ள செல் ஊதா ஃபார்மசானாக மாற்றுவதை அளக்கும் சோதனை மலிவு, எல்லா லேபிலும் உண்டு. மில்லிலிட்டருக்கு 0.5 மில்லிகிராம் செறிவில் சேர்த்து, 37 டிகிரியில் 3 மணி நேரம் வைத்து, ஊதா ஃபார்மசானை டிஎம்எஸ்ஓ கரைப்பானில் கரைத்து 570 நானோமீட்டரில் அளப்பார்கள். கண்ணி இருப்பது பின்னணியைக் கழிக்கும் அலைநீளத்தில். வழக்கம்போல் 630 அல்லது 650 வைத்தால், 664இல் உறிஞ்சல் உச்சம் கொண்ட மெத்திலீன் புளூ அங்கே பலமாக உறிஞ்சும். அதைக் கழித்தால் உயிருள்ள செல்லும் செத்த கணக்கில் சேரும். இன்னொரு பிழை எதிர்த்திசையில் வரும். செல்லுக்குள் எலக்ட்ரான் வாங்கி நிறமிழந்த மெத்திலீன் புளூ, அந்த எலக்ட்ரானை எம்டிடிக்குக் கைமாற்றிவிடலாம். நலிந்த செல்லும் நன்றாக இருப்பதாகத் தெரியும். செல் இல்லாத கட்டுப்பாட்டுக் குழியில் இது பிடிபடாது; மெத்திலீன் புளூவுக்கு எலக்ட்ரான் கொடுக்கச் செல் வேண்டுமே.

எஸ்ஆர்பி என்ற சாயம் செல்லின் புரதத்தைத்தான் நிறமேற்றுகிறது. 200 மைக்ரோலிட்டர் மீடியத்தின் மேல் குளிர்ந்த 50% டிசிஏ அமிலம் 50 மைக்ரோலிட்டர், செல்களைத் தட்டில் நிலைநிறுத்த. 4 டிகிரியில் ஒரு மணி நேரம். தண்ணீரில் ஐந்து முறை கழுவல். பிறகு 0.4% எஸ்ஆர்பி, 1% அசிட்டிக் அமிலக் கழுவல், 10 மில்லிமோலார் ட்ரிஸ் கரைசலில் கரைத்து 515இல் அளவு. மெத்திலீன் புளூ அங்கே சொற்பமாகவே உறிஞ்சும். டிசிஏவை வேகமாகப் பீய்ச்சினால் செல்கள் பெயர்ந்துவிடும். செத்தும் ஒட்டியிருக்கும் செல்லையும் இது எண்ணும் என்பதால் 24 மணி நேரத்தில் முடிவு சொல்லக் கூடாது. 72 மணி நேரம் விடுங்கள். இருந்தாலும் நம் ஓட்டு இதற்கே. செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியை ஒளியாக அளக்கும் சோதனை விலை கூட. தவிர, சாயம் மைட்டோகாண்ட்ரியாவைத் தொடுவதால் செல் சாகாமலேயே ஏடிபி மாறலாம்.

எதை எடுத்தாலும் தட்டு அலுமினியத் தாளுக்குள் இருக்கட்டும். வெளிச்சம் பட்டால் சாயம் செல்லைக் கொல்லும் சிங்லெட் ஆக்சிஜன் உண்டாக்கும். ஹூட் விளக்கு செய்த கொலை மருந்தின் பெயரில் பதிவாகும். ஒளிச்சிகிச்சைதான் நோக்கமென்றால் தனித் தட்டில் 660 நானோமீட்டர் எல்இடி போதும்: சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிவாட் வீதம் 500 விநாடி, அதாவது 5 ஜூல்.

மருந்து அழற்சியைக் குறைக்கிறதா என்று பார்க்க, எல்பிஎஸ் (பாக்டீரியா நச்சு) தூண்டிய ரா 264.7 என்ற சுண்டெலி நோயெதிர்ப்புச் செல்களில், நைட்ரைட்டை அளக்கும் கிரீஸ் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். மெத்திலீன் புளூ நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்கும் நொதியையே நேரடியாக முடக்கும். அழற்சிச் சமிக்ஞை அப்படியே இருக்க, அந்த ஆக்சைடிலிருந்து வரும் நைட்ரைட் மட்டும் விழும். டிஎன்எஃப்-ஆல்ஃபா, ஐஎல்-6 என்ற அழற்சிப் புரதங்களை (சைட்டோகைன்களை) அளக்கும் எலைசா சோதனையை அதே மீடியத்தில் போடுங்கள். கழுவலில் சாயமும் போய்விடும். அந்தத் தட்டின் செல்களுக்கே எஸ்ஆர்பியும் ஓட்டுங்கள், செல் குறைந்ததால் சைட்டோகைன் குறைந்ததா என்று தெரிந்துவிடும்.