ஜீமெட் பரீட்சைக்கான இலவசத் தொடக்கத் தொகுப்பு: மலையகத்திலிருந்து ஒரு மதிப்பீடு

வெளிநாட்டு வணிகக் கல்லூரிகளில் எம்.பி.ஏ. படிக்க விரும்பும் மலையகப் பட்டதாரிகள், எந்த வகுப்புக்கும் பணம் கட்டுவதற்கு முன், அக்கல்லூரிகள் அனுமதிக்காகக் கேட்கும் ஜீமெட் (GMAT) என்ற ஆங்கிலமொழி நுழைவுப் பரீட்சையை நடத்தும் அமைப்பு தனது எம்.பி.ஏ. டொட் கொம் தளத்தில் இலவசமாகத் தரும் தொடக்கத் தொகுப்பை முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. ஹட்டனிலும் கொட்டகலையிலும் இப்பரீட்சைக்குத் தயாராகும் சிலரோடு சேர்ந்து இத்தொகுப்பைப் பயன்படுத்திய அனுபவத்திலிருந்து இம்மதிப்பீட்டை எழுதுகிறேன். இதற்குக் குறைகள் உண்டு, அவற்றையும் சொல்கிறேன். ஆனால் கையில் காசு குறைவாக உள்ளவருக்கு இதைவிட நம்பகமான தொடக்கம் வேறில்லை.

செலவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஒரு கணக்கே காட்டிவிடும். பரீட்சைக் கட்டணம் நாட்டுக்கு நாடு சற்று மாறினாலும் பரீட்சை நிலையத்துக்குப் போய் எழுதுபவருக்கு 275 அமெரிக்க டொலரை ஒட்டியே இருக்கிறது. ஒரு டொலரை 300 ரூபாயாக வைத்துக்கொண்டாலும் இது 82,500 ரூபாய். 2024 இல் தோட்டத் தொழிலாளர்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தில் அறுபது நாளுக்கும் மேற்பட்ட உழைப்பு. பரீட்சைக்கு மட்டுமே இவ்வளவு தேவைப்படும் குடும்பத்தில், தயாரிப்புக்காக அதே அளவு பணத்தை இன்னொரு முறை கேட்பது நியாயமில்லை. எனவே உள்ள பணத்தைப் பரீட்சைக் கட்டணத்துக்கென்று ஒதுக்கிவிட்டு, தயாரிப்பை இயன்றவரை இலவசமாகவே முடிப்பதுதான் இங்கே பொருத்தமான வழி.

தொகுப்பில் இருப்பவை இரண்டு: விடைகளோடு கூடிய மாதிரிக் கேள்விகள் சில, முழு நீளப் பயிற்சிப் பரீட்சைகள் இரண்டு. பணம் கட்டினால் மேலும் நான்கு பயிற்சிப் பரீட்சைகளை வாங்கலாம். இவற்றுள் உண்மையான செல்வம் அந்த இரண்டு இலவசப் பரீட்சைகளே. நாம் கொடுக்கும் விடைக்கேற்ப அடுத்த கேள்வியின் கடினத்தை மாற்றிக்கொண்டே செல்வது ஜீமெட்டின் இயல்பு. தனியார் தயாரிக்கும் மாதிரிப் பரீட்சைகள் கேள்விகளைப் போலச் செய்யலாம்; மதிப்பெண் கணிக்கும் முறையை அப்படியே போலச் செய்ய அவற்றால் முடியாது. இங்கே பயன்படுவது பரீட்சை நடத்துபவர்களின் சொந்தக் கணிப்பு முறை என்பதால், கிடைக்கும் மதிப்பெண்ணை நம்பித் திட்டமிடலாம்.

2023 நவம்பரில் அறிமுகமாகி, 2024 தொடக்கத்தில் பழைய பரீட்சையை முற்றாக நீக்கிய புதிய அமைப்பையே இத்தொகுப்பு பின்பற்றுகிறது. குவான்ட் என்னும் கணிதப் பகுதியில் 21 கேள்விகள், வேர்பல் என்னும் மொழிப் பகுதியில் 23, டேட்டா இன்சைட்ஸ் என்னும் தரவு ஆய்வுப் பகுதியில் 20. ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம், எந்த வரிசையில் எழுதுவது என்பது நம் தெரிவு. மொத்த மதிப்பெண் 205 முதல் 805 வரை. முன்பு எழுதிய அண்ணன்மாரோ அக்காமாரோ சொல்லும் மதிப்பெண்களோடு இதை நேரடியாக ஒப்பிடக் கூடாது. பழைய 700 என்பது இன்று ஏறத்தாழ 645 க்குச் சமம். இது தெரியாமல் தங்கள் பயிற்சி மதிப்பெண்ணைப் பார்த்து மனமுடைந்த பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். அவர்களுள் சிலர் உண்மையில் நன்றாகவே எழுதியிருந்தார்கள்.

முதற் பயிற்சிப் பரீட்சையை ஆர்வத்தில் முதல் நாளே திறந்து எழுதிவிடாதீர்கள். மாதிரிக் கேள்விகளை எல்லாம் செய்து, ஒவ்வொரு வகைக் கேள்வியும் என்ன கேட்கிறது என்று விளங்கிய பிறகே அதற்குப் போக வேண்டும். இரண்டாவதைப் பரீட்சைத் திகதிக்கு ஒன்றிரண்டு வாரம் முன்னால் வரை தொடாமல் வைத்திருங்கள். எழுதிய பரீட்சையை அழித்து மீண்டும் எழுதலாம். ஆனால் சில கேள்விகள் திரும்ப வரும் என்பதால் இரண்டாம் முறை கிடைக்கும் மதிப்பெண் உயர்ந்து தெரியும். அழிக்கும் முன் பிழைத்த கேள்விகளையும் அவற்றுக்கு எடுத்த நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வைப்பது அவசியம்.

கணிதத்தைப் பொறுத்தவரை நம் பிள்ளைகள் அஞ்ச வேண்டியதில்லை. குவான்ட் பகுதியில் கணிப்பான் கிடையாது. சாதாரண தரக் கணிதத்தைக் கணிப்பான் இல்லாமல் மடக்கை அட்டவணையோடு எழுதியவர்களுக்கு இது புதிதன்று. கேத்திரகணிதம் நீக்கப்பட்டுவிட்டது. எஞ்சுவது சதவீதம், விகிதம், வேகம், எண்களின் இயல்புகள், எளிய அட்சரகணிதம், நிகழ்தகவு ஆகியவையே. மறந்துபோனவர்களுக்குக் கான் அகாடமி என்ற இணையக் கல்வித் தளத்தின் இலவசப் பாடங்கள் போதும்.

தடுமாற்றம் தொடங்குவது டேட்டா இன்சைட்ஸ் பகுதியில் வரும் டேட்டா சஃபிஷியன்சி கேள்விகளில்தான். இவை விடையைக் கேட்பதில்லை; விடை காணக் கொடுத்த கூற்றுகள் போதுமா என்றே கேட்கின்றன. ஓர் உதாரணம்: ஒரு பெண் திங்களன்று எத்தனை கிலோ கொழுந்து எடுத்தார்? முதற் கூற்று, திங்களும் செவ்வாயும் சேர்த்து 42 கிலோ என்கிறது. இரண்டாம் கூற்று, செவ்வாயன்று திங்களைவிட 2 கிலோ அதிகம் என்கிறது. தனித்தனியே எதுவும் போதாது, இரண்டும் சேர்ந்தால் போதும் என்பதே விடை. 20 கிலோ என்று கணக்கிட்டு முடிப்பது தேவையற்ற வேலை. ஒவ்வொரு கணக்கையும் படிமுறை எழுதி விடை வரை கொண்டுபோகப் பழகிய நமக்கு, தகவல் போதும் என்று தெரிந்த இடத்திலேயே நிறுத்துவது பெரும் பயிற்சியைக் கேட்கிறது. தொகுப்பின் மாதிரிக் கேள்விகள் இந்தப் பழக்கத்தை ஏற்படுத்த நன்கு உதவுகின்றன. இப்பகுதியில் மட்டும் திரையில் ஒரு கணிப்பான் கிடைக்கும்.

தமிழ் மொழி மூலம் படித்து வந்தவர்களுக்கு மதிப்பெண்ணைத் தீர்மானிப்பது வேர்பல் பகுதிதான். பழைய பரீட்சையில் இருந்த வாக்கியத் திருத்தம் இப்போது இல்லை. வாசித்து விளங்குவதும், கிரிட்டிக்கல் ரீசனிங் என்னும் வாத ஆய்வும் மட்டுமே உண்டு. இலக்கண விதிகளை ஆங்கில வகுப்பில் மனனம் செய்யாதவருக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் வாதத்தை ஆராய்வதற்கு வேறொரு ஒழுக்கம் வேண்டும். கொட்டகலைத் தங்கச்சி ஒருவர், தான் தெரிவு செய்த விடையைக் காட்டி, “அக்கா, இது உண்மைதானே, ஏன் பிழை என்கிறது?” என்று கேட்டார். அவர் சொன்னது உலகில் உண்மைதான். ஆனால் கொடுக்கப்பட்ட பந்தியில் அதற்கு ஆதாரம் இல்லை. இந்த வேறுபாடு விளங்கிய நாளிலிருந்து அவருடைய விடைகள் மாறத் தொடங்கின.

இவ்வகைக் கேள்விகளை நாம் அறிந்த விடயங்களிலிருந்தே அமைத்துப் பழகலாம் என்பது என் அனுபவம். 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டதன் விளைவாக, அவ்வாண்டு 30 கோடி கிலோவை ஒட்டி இருந்த இலங்கையின் தேயிலை உற்பத்தி 2022 இல் சுமார் 25 கோடி கிலோவாகக் குறைந்தது; இருந்தும் தேயிலை ஏற்றுமதியால் கிடைத்த ரூபாய் வருமானம் கூடியது. இம்முரணை விளக்குவது எது? ரூபாயின் பெறுமதி அவ்வாண்டு கடுமையாக வீழ்ந்ததால் ஒவ்வொரு டொலருக்கும் அதிக ரூபாய் கிடைத்தது என்ற கூற்று விளக்கும். தேயிலை இலங்கையின் முக்கிய ஏற்றுமதிப் பொருள் என்ற கூற்று உண்மையாக இருந்தும் எதையும் விளக்காது. இப்படி நான்கைந்து உதாரணங்களைத் தமிழிலேயே பேசித் தெளிந்துவிட்டு ஆங்கிலக் கேள்விக்குப் போனால், கடினம் மொழியிலா சிந்தனையிலா என்று பிரித்தறிய முடிகிறது. மொழிதான் கடினம் என்றால் நாள்தோறும் ஓர் ஆங்கிலப் பொருளாதாரக் கட்டுரையை வாசிப்பதைத் தவிரக் குறுக்குவழி இல்லை. நகரப் பொது நூலகத்தில் கிடைக்கும் ஆங்கிலப் பத்திரிகைகளின் வணிகப் பக்கமே இதற்குப் போதுமானது.

தொகுப்பின் முதற் குறை, பயிற்சிப் பரீட்சையின் முடிவில் எது சரி, எது பிழை என்று தெரியுமே தவிர, ஏன் என்ற விரிவான விளக்கம் கிடைக்காமை. தனியாகப் படிப்பவரை இது மிகவும் தளர்த்தும். ஜீமெட் நிஞ்ஜா யூடியூப் அலைவரிசையின் இலவச வீடியோக்கள் இவ்விடைவெளியைப் பெருமளவு நிரப்புகின்றன. குறிப்பாக வாசிப்பு, வாத ஆய்வு ஆகியவற்றுக்கு அவற்றைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். இரண்டாவது குறை, மாதிரிக் கேள்விகளின் எண்ணிக்கை போதாது என்பது. அதற்கு ஜீமெட்டின் அதிகாரபூர்வ வழிகாட்டி நூலின் பழைய பதிப்பொன்றை யாரிடமாவது இரவல் வாங்கலாம். அதிலுள்ள வாக்கியத் திருத்தத்தையும் கேத்திரகணிதத்தையும் விட்டுவிட்டால், மீதமுள்ள கணிதமும் வாசிப்பும் வாத ஆய்வும் இன்றும் முழுப் பயன் தருபவை. புதிய பதிப்புக்காகக் கடன்பட வேண்டாம்.

மூன்றாவதைத் தொகுப்பின் குறை என்பதைவிட நம் வசதியின் குறை என்றே சொல்ல வேண்டும். வரிசை மாற்றிப் பார்க்க வேண்டிய அட்டவணைகளும், ஒன்றுக்கு மேற்பட்ட பக்கங்களில் பரந்த தகவல்களும் வருவதால், கைத்தொலைபேசித் திரையில் இப்பரீட்சையை எழுத முயலக்கூடாது. லயன் வீட்டில் இரண்டேகால் மணிநேரம் மடிகணினியும் அமைதியும் நிலையான இணையமும் ஒன்றாகக் கிடைப்பது எளிதன்று. மழைக்காலத்தில் மின்சாரத்தையும் நம்ப முடியாது. ஊரில் மடிகணினி வைத்திருக்கும் ஒருவரிடம் ஞாயிறு காலைப் பொழுதொன்றைக் கேட்டு வாங்குவதே நடைமுறையில் சரிவந்தது. அண்ணாமார் எவரும் முகம் சுளித்ததில்லை என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும். இதே காரணத்தால், உண்மைப் பரீட்சையை வீட்டிலிருந்து இணையவழி எழுதும் வசதியை இங்குள்ளவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. அறையில் வேறெவரும் நுழையக் கூடாது என்ற நிபந்தனையை நம் வீடுகளில் காப்பது மிகக் கடினம். பஸ் செலவும் ஓர் இரவுத் தங்கலும் சேர்ந்தாலும் நிலையத்துக்கே போய் எழுதுவது பாதுகாப்பானது.

பரீட்சை தேவைதானா என்பதையும் முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள். உள்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல, எம்.பி.ஏ. பாடநெறிகளுக்குத் தமது சொந்தத் தெரிவுப் பரீட்சையையோ நேர்முகத்தையோ வைத்தே மாணவர்களைச் சேர்க்கின்றன. அவற்றுக்கு மட்டும் விண்ணப்பிப்பவர் டொலரில் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. வெளிநாட்டுக் கல்லூரிகள் பல ஜீமெட்டுக்குப் பதிலாக ஜீஆர்ஈ (GRE) என்ற வேறொரு நுழைவுப் பரீட்சையையும் ஏற்கின்றன. அதற்கும் பவர்பிரெப் என்ற பெயரில் இரண்டு இலவசப் பயிற்சிப் பரீட்சைகள் உண்டு. ஆங்கிலச் சொல்வளம் கூடியவர் அதையும் எழுதிப் பார்த்து ஒப்பிடலாம். கணிதம் வலுவாகவும் சொல்வளம் குறைவாகவும் உள்ள நம் பிள்ளைகளுக்குப் பொதுவாக ஜீமெட்டே ஏற்றது என்று நினைக்கிறேன்.

மேலதிகமாகச் சிறிது பணம் சேர்ந்தால், அதை வகுப்புக்குக் கொடுக்காமல் கட்டணப் பயிற்சிப் பரீட்சைகளுக்குக் கொடுங்கள். பெறும் மதிப்பெண் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதால், வேலை செய்துகொண்டே பணம் சேர்ப்பவர் அவசரப்படத் தேவையில்லை. மதிப்பெண்ணைப் பார்த்த பின் 48 மணிநேரத்துக்குள் ஐந்து பாடநெறிகளுக்கு அதை இலவசமாக அனுப்பலாம். அந்தப் பட்டியலைப் பரீட்சைக்கு முன்பே எழுதி வைத்தால் பின்னர் அனுப்பும் செலவு மிச்சமாகும்.

பதிவு செய்யும்போது கொடுக்கும் பெயர், பரீட்சை நாளில் காட்டும் கடவுச்சீட்டிலுள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும், பாடசாலைச் சான்றிதழில் முதலெழுத்துகளோடு வேறொரு விதமாகவும் பெயர் பதிந்திருப்பது நம் தோட்டங்களில் சாதாரணம். பெயர் பொருந்தாதவரைப் பரீட்சை நிலையம் திருப்பி அனுப்பலாம். கட்டிய கட்டணமும் போய்விடும். எனவே கடவுச்சீட்டு கைக்கு வந்த பிறகே, அதைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு பதிவுப் படிவத்தை நிரப்புங்கள்.