பித்தளைப் பீரங்கி என்று தந்தார்கள், காந்தம் ஒட்டியது

கொழும்பில் பழம்பொருள் மாதிரிகள் விற்கும் கடைகளில் சின்னப் பீரங்கி வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்குப் போனது 85,000 ரூபாய்.

என் மச்சான் அமெரிக்காவில் இருக்கிறார். அங்கே கருமருந்துப் பீரங்கி சுடுவது பலருக்குப் பொழுதுபோக்கு. குண்டு போடாமல் மருந்தை மட்டும் இடித்து, சத்தத்துக்காகவே சுடுவதும் உண்டு. வாய்வழியாக மருந்து இடித்துச் சுடும் நம் இடியன் துவக்குக்குப் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் லீவில் வருகிறார் என்றதும், ஒன்று வாங்கி வைத்து அசத்தலாம் என்று கிளம்பினேன். கொண்டுபோவது அவர் பாடு.

முதலாளி நன்றாகப் பேசினார். "நெதர்லாந்துக்காரன் 2023 இல திருப்பித் தந்த பீரங்கிய மியூசியத்தில பார்த்தீங்களா தம்பி? இதுவும் ஒல்லாந்தர் காலத்து அச்சுத்தான். சுத்தப் பித்தளை. சுடவும் சுடலாம், லைசன்ஸ் ஒண்டும் தேவையில்ல." ஒரு முழ நீளம். குழலின் மேல் ஒல்லாந்தரின் வணிகக் கம்பனியான விஓசியின் (VOC) முத்திரை, அதன் கீழே 1812 என்று ஆண்டு. ஒல்லாந்தர் 1796 இலேயே கொழும்பை ஆங்கிலேயரிடம் விட்டுப் போய்விட்டார்கள். அந்தக் கம்பனியும் 1799 உடன் முடிந்தது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், கடையில் நிற்கும்போது ஞாபகம் வந்தால்தானே!

வீட்டில் அம்மா குத்துவிளக்குக்குத் தேய்ப்பதுபோல் புளி போட்டுத் தேய்த்தார். மஞ்சள் பூச்சு துணியோடு வந்தது, உள்ளே கறுப்பு. மகனின் காந்தத்தை வைத்தேன், டக்கென்று ஒட்டியது. பித்தளையில் காந்தம் ஒட்டாது.

மச்சான் வந்ததும் டோர்ச் அடித்து உள்ளே பார்த்தார். தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்று, பின்முனையில் மரை போட்ட மூடி, அதை மறைத்துப் பட்டி பூசிப் பெயின்ட். வாய்வரை தண்ணீர் ஊற்றி நிறுத்தினோம். கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் கசிந்து மேசையெல்லாம் ஈரம். மருந்து எரியும் இடத்தைச் சுற்றி, துளையின் அகலத்துக்குக் குறையாத தடிப்பில் உலோகம் இருக்க வேண்டும் என்பது சுடுபவர்களின் கைக்கணக்காம். இதில் துளை ஒரு அங்குலம், சுவரோ இரண்டு நாணயம் அடுக்கிய தடிப்பு. "இதில மருந்து போட்டா முன்னுக்குப் போகாது மச்சான், பின்னுக்கு நிக்கிற ஆளுக்குத்தான்" என்றார்.

திரும்பிப் போனேன். முதலாளி பில்லைக் காட்டச் சொன்னார். 'அலங்காரப் பொருள் 1' என்று மட்டும் இருந்தது. பித்தளை என்றும் இல்லை, சுடலாம் என்றும் இல்லை, எல்லாம் வாயால் சொன்னது. அப்புறம் கேட்டாரே ஒரு கேள்வி: "சுடுறதுக்கு உங்களிட்ட லைசன்ஸ் இருக்கா தம்பி?" சட்டப்படி அது சரியான கேள்விதான். இங்கே 1916 துப்பாக்கிச் சட்டமும் 1956 வெடிபொருள் சட்டமும் இருக்கின்றன, கருமருந்து நினைத்தபடி வாங்கி வைக்கும் சாமான் இல்லை. ஆனால் தேவையில்லை என்று சொல்லி விற்றதும் இதே வாய்.

நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தேன். அங்கேயும் முதல் கேள்வி பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான். அதனால் காசு கொடுக்க முன் உலோகத்தின் பெயரைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். சட்டைப்பையில் ஒரு காந்தமும் இருக்கட்டும்.

காசு வரவில்லை. பீரங்கியின் வாயில் சீமெந்து ஊற்றி அடைத்துவிட்டேன். தீபாவளிக்குத் தருவீர்களா என்று பக்கத்து வீட்டுப் பொடியன் ஏற்கெனவே இரண்டு முறை கேட்டுவிட்டான்.