கோட்டைக்கும் கோணேசருக்கும் வருவோர் திருகோணமலையில் எங்கே தங்கலாம்?

பிரெட்ரிக் கோட்டைக்குள் அறை தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். காலி நகரக் கோட்டையில் மதிலுக்குள்ளேயே வீடுகளும் விடுதிகளும் உண்டு; இங்கே அப்படியில்லை. கோணேசர் கோயிலை இடித்த கற்களைக்கொண்டு 1624இல் போர்த்துக்கீசர் கட்டிய கோட்டை இன்றும் இராணுவ முகாமாகவே இருக்கிறது. வாசலால் நுழைந்து கோயில் வீதியில் ஏறிப் போகலாம், கோணேசரைக் கும்பிட்டு, இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவைப் பார்த்துத் திரும்பலாம். தங்குவதற்கு நகரம், உப்புவெளி, நிலாவெளி என்று மூன்று இடங்கள் இருக்கின்றன.

ஒரே ஒரு இரவுதான் என்றால் தயங்காமல் நகரத்தில் தங்குங்கள். கோணேசர் கோயிலுக்கு உகந்த நேரம் விடியலும் மாலையும். நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள். அதோடு, செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கும் கல்தரை வெயிலில் கொதிக்கும். பிள்ளைகளால் கால் வைக்க முடியாது. நிலாவெளியில் தங்கி, காலைச் சாப்பாட்டை முடித்துப் புறப்படுபவர்கள் சரியாக அந்த நேரத்தில்தான் வந்து சேர்கிறார்கள். கோயில் இருக்கும் சுவாமி மலை கிழக்கே கடலைப் பார்த்து நிற்பது. சூரியன் எழும்போது அங்கே நிற்பதற்காகவே நகரத்தில் ஒரு இரவு தங்கலாம்.

நகரத்துக்குள்ளும் இடம் பார்த்து எடுக்க வேண்டும். ஒல்லாந்தர் குடாவை ஒட்டிய டைக் வீதியில் சிறிய விருந்தினர் விடுதிகள் பல உண்டு. கடற்கரை பக்கத்திலேயே, கோட்டை வாசலும் நடக்கும் தூரம். அறைகள் பெரும்பாலும் சிறியவை. வீதிப்பக்க அறையை விடக் கடல்பக்க அறையையே கேளுங்கள், காற்று வரும். பஸ் நிலையத்தை அண்டிய லொட்ஜுகள் மலிவு, ஆனால் விடியற்காலை ஹோர்ன் சத்தத்தில் நித்திரை போய்விடும். உவர்மலை அமைதியான குடிமனைப் பகுதி, உயரமும் கூட. முதியவர்களோடு வந்தால் ஒவ்வொரு முறையும் ஆட்டோ பிடிக்க வேண்டிவரும். கோட்டைக்குள் ஆட்டோ கோயிலடி வரை போகும் என்பதால் ஏற்றத்துக்குப் பயப்படத் தேவையில்லை.

விரதக்காரருக்கும் நகரமே வசதி. சைவக் கடைகள் இங்கேதான் இருக்கின்றன; கடற்கரை விடுதிகளில் மீனும் இறாலுமே முதன்மை. சிவராத்திரிக்கும் பங்குனித் திருவிழாவுக்கும் வருவதானால் அறையை முன்கூட்டியே பதிந்துவிடுங்கள்.

உப்புவெளி நகரிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீற்றர். கடலில் குளிக்கவும் வேண்டும், கோயிலுக்கும் போக வேண்டும் என்று இரண்டு மூன்று நாள் வருபவர்களுக்கு இது நடுத்தரமான தெரிவு. நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை பஸ்கள் எல்லாம் இவ்வழியே போகும். இருட்டிய பின் பஸ் குறைந்துவிடும். மாலைப் பூசை முடிந்து திரும்ப ஆட்டோதான். ஏறுமுன் கூலியைப் பேசிக்கொள்ளுங்கள், கோயிலடியில் ஆட்டோவைக் காக்க வைப்பதற்கும் சேர்த்து.

நிலாவெளி இன்னும் வடக்கே, நகரிலிருந்து 15 கிலோமீற்றர் அளவில். புறாத்தீவுக்குப் போகவே வருகிறீர்கள் என்றால் இங்கே தங்குங்கள், படகு கரையிலிருந்தே புறப்படும். உப்புவெளியிலிருந்தும் படகு பிடிக்கலாம், ஆனால் தூரமும் கூலியும் கூடும். புறாத்தீவு தேசிய பூங்கா என்பதால் நுழைவுச்சீட்டுக் கட்டணம் வேறு, படகுக் கூலி வேறு. இதை அறியாமல் விலை பேசிவிட்டுப் பிறகு சண்டை பிடிப்பவர்கள் அதிகம்.

மாதத்தைப் பாருங்கள். மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதி. வாடைக்காற்று தொடங்கி மழையும் அலையும் ஏறினால் படகு ஓடாது, கடற்கரையில் பல சமையலறைகள் பூட்டிக்கிடக்கும். அந்த மாதங்களில் நிலாவெளியில் அறை விலை இறங்கும். அதை நம்பிப் பதிந்தால் மழையைப் பார்த்துக்கொண்டு அறைக்குள்ளே இருக்க வேண்டியதுதான். நகரத்தில் தங்கினால் கோயில், கோட்டை, பத்திரகாளி அம்மன், கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழு என்று மழை விட்ட நேரத்தில் போய்வரலாம்.

பதியுமுன் இன்னொன்றும் கேளுங்கள்: குளியலறைக்குக் குழாய்த் தண்ணீரா, கிணற்றுத் தண்ணீரா? கரையோரக் கிணறுகள் சில உவர். சவர்க்காரம் நுரைக்காது, தலைமயிர் சிக்காகிவிடும்.