தச்சுவேலை பழக: சென்டரா, பயிலுனரா, பாஸ் கூடவா?

ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுதிவிட்டு உளியைக் கையில் எடுக்க நினைக்கும் இலங்கை மலையகத்துத் தம்பிமாருக்கு மூன்று வழி இருக்கிறது: தொழிற்பயிற்சி அதிகார சபை போன்றவற்றின் நிலையத்தில் முழுநேரப் படிப்பு, நைட்டா என்கிற அரசாங்கப் பயிலுனர் பயிற்சி அதிகார சபை மூலம் ஒரு பட்டறையில் பயிலுனர், இல்லாவிட்டால் சான்றிதழைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நேரே ஒரு பாஸ் (கைதேர்ந்த மேசன், தச்சர் மாதிரியானவரை இப்படித்தான் சொல்வோம்) கூட வேலைக்குப் போவது. எதில் போனாலும் குறி ஒன்றுதான், என்.வி.கியூ. எனும் தேசிய தொழில் தகைமையில் மட்டம் 4. மொத்தம் 7 மட்டத்தில், யாரும் பக்கத்தில் நின்று சொல்லித்தராமல் தனியாக வேலையை முடிப்பவனுக்கு உரியது அது. 5, 6 டிப்ளோமா, 7 பட்டம்.

சென்டரில் கிடைப்பது வரைபடம் வாசிக்கிற பழக்கம், கணக்கு, மெஷினைக் கை போகாமல் ஓட்டும் முறை. பல பாஸ்மாருக்கு இதில் முதலாவதே வராது, கண் அளவில்தான் எல்லாம். ஆனால் கை வேகம் சென்டரில் வராது, அதோடு தோட்டத்திலிருந்து டவுனுக்கு தினமும் பஸ் காசு, வீட்டில் ஒரு சம்பளம் குறைவு.

பயிலுனர் முறை காகிதத்தில் பார்த்தால் மிக நல்லது, வேலையும் சான்றிதழும் ஒன்றாக வரும். பட்டறை எப்படி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சில இடங்களில் மாதக்கணக்கில் மண்தாள் தேய்ப்பதும் தூள் கூட்டுவதும்தான் பயிற்சி. தளபாடப் பட்டறைகள் நிறைய இருப்பது கொழும்பை அடுத்த மொரட்டுவைப் பக்கம், அங்கே போனால் அறை வாடகை சேரும்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது, ஒரு நிபந்தனையோடு. பாஸ் கூடப் போனால் கொஞ்சமோ நஞ்சமோ முதல் நாளே கைக்குக் காசு வரும், மரத்தையும் அங்கேதான் பழகுவாய். நம்ம பக்கம் கிராண்டிஸ், டர்பன்டைன், சப்பு என்று வரும், அதிலும் கிராண்டிஸ் பச்சையாக இருக்கும்போது அறுத்து உடனே கதவு நிலை அடித்தால் காயக் காய முறுக்கிக்கொள்ளும், வெடிக்கும், எவ்வளவு காய விடவேண்டும் என்பது புத்தகத்தை விட அந்த மழையிலும் பனியிலும் நின்று பழகியவனுக்குத்தான் தெரியும். ஆனால் பத்து வருஷம் அப்படியே ஓடிவிட்டால் வெளிநாட்டு வேலைக்கோ கம்பனி வேலைக்கோ காட்ட ஒன்றுமிருக்காது, அவ்வளவு வருஷ அனுபவத்தையும் வாயால் சொல்லிக்கொண்டு நிற்கவேண்டும்.

நிபந்தனை அதுதான்: முன் கற்றலை அங்கீகரித்தல், அதாவது ஆர்.பி.எல். இந்த முறையில், வகுப்பில் உட்காராமலே, செய்த வேலைக்கான ஆதாரத்தைக் காட்டி, மதிப்பீட்டாளர் முன்னால் செய்தும் காட்டி என்.வி.கியூ. எடுக்கலாம். அதனால் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே போனில் படம் எடுத்து வை, முடிந்த கதவை மட்டுமல்ல, மரத்தில் மரம் கோர்க்கக் கழுந்து வெட்டும்போதும் நிலை நிறுத்தும்போதும், நீ செய்வது தெரியும்படி. வீட்டுக்காரரிடமும் பாஸிடமும் திகதி போட்ட கடிதம் வாங்கு. பாஸ் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

அப்புறம், கட்டடத் தச்சு வேறு, தளபாடம் வேறு, இரண்டுக்கும் தனித்தனித் தகைமை. நம் ஊரில் காலையில் கூரையும் பின்னேரம் அலுமாரியும் ஒரே ஆள்தான் செய்வார், என்றாலும் விண்ணப்பத்தில் ஒன்றைத்தான் எழுதவேண்டும், உன் படங்கள் எதில் அதிகமோ அதை எழுது. சென்டரோ மதிப்பீடோ, தமிழில் நடக்குமா என்று படிவம் நிரப்பும் முன்பே கேட்டுவிடு.