செறிவுக் குறியீடா, மீட்சி நாளா?

சிப் வரத்து எவ்வளவு பத்திரம்? அளக்க இரண்டு வழிகள். வரத்து ஒரு சிலரிடம் எவ்வளவு குவிந்திருக்கிறது என்று காட்டும் ஹெர்ஃபின்டால்-ஹிர்ஷ்மன் குறியீடு எளிது: ஒவ்வொரு சப்ளையரின் சதவீதப் பங்கையும் வர்க்கமாக்கிக் கூட்டினால் போதும். 60, 30, 10 என்றால் 4,600. ஒருவர் மட்டுமே என்றால் 10,000. ஆனால் மூவரும் ஒரே ஆலையின் வேஃபரை (சிப் செய்யப்படும் சிலிக்கான் வட்டு) நம்பியிருந்தால் இந்த எண்ணில் அது தெரியாது.

மீட்சி நாள் கணக்கு அதைப் பிடிக்கும்: ஆலை மீள ஆகும் நாட்கள் நம் கையிருப்பு தாங்கும் நாட்களைவிட அதிகமா? தகராறு 'மீள்வது' என்ற சொல்லில்தான். ஜப்பானியச் சிப் நிறுவனமான ரெனெசாஸின் நாகா ஆலையில் 2021 மார்ச் 19-ல் தீ; ஏப்ரல் 17-ல் உற்பத்தி தொடங்கியது, பழைய அளவை எட்டியதோ ஜூன் பிற்பகுதியில். மீள எத்தனை நாள் என்று நாம் அனுப்பும் கேள்விப் படிவத்தில் சப்ளையர் இவற்றில் முந்தைய தேதியைத்தான் எழுதுவார். 40 நாள் கையிருப்பு அதற்குப் போதும், இரண்டாவதற்குப் போதாது.

பாகங்களை முதலில் சலித்தெடுக்கக் குறியீடு. உற்பத்தி லைனையே நிறுத்தக்கூடியவற்றுக்கு, பத்து ரூபாய்ப் பாகமானாலும், மீட்சி நாள்.